ஒரு சொளகு தவிடு

வயிற்றில் இருக்கிற பேரப்பிள்ளையை யாராவது விற்பார்களா? பேட்டை உலகம்மாள் விற்றாள். அதுவும் ஒரு சொளகு, ஒரே ஒரு முறம் தவிட்டுக்கு. ஜார்ஜ் ராஜாவுக்கு முடிசூட்டின வருசம் அது.

மருமகள் பாலம்மாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“பிள்ளை தங்காத வீட்டுல தவிட்டுக்கு விக்கிறது வழக்கந்தான், அத்தை. அடுத்த வீட்டுப் பிள்ளைன்னு எமன் ஏமாந்து போயிருவான். ஆனா பெத்த பெறவுதானே விப்பாவ? வயித்துல இருக்கும்போதேயா?”

“பெத்த பெறவு வித்து என்னத்தக் கண்டோம்? மூணும் நல்லாத்தானே பிறந்துச்சு. ஏழாம் நாள் தாண்டுச்சா? வாய் கிட்டி, வில்லா வளைஞ்சு...” உலகம்மாள் முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். “எமன் முந்திக்கிடுதான். இந்தத் தடவை நாம முந்திக்கிடுவோம்.”

வாங்கினவள் அடுத்த வீட்டுத் தறிக்காரர் பெண்டாட்டி ஜுபைதா பீவி. சும்மா வாங்கவில்லை, சட்டம் பேசி வாங்கினாள்.

“இனி இது என் பிள்ளை. பேறுகாலம் நான் சொல்லுதபடிதான். கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவணும். என் கத்திதான், என் நூல்தான். ரெண்டையும் கொதிக்கிற தண்ணியில போட்டுத்தான் எடுக்கணும். தொப்புள்ல சாணி, சாம்பல் ஒண்ணும் படப்படாது.”

இதைக் கேட்டுப் பிரமாச்சி ஆடின ஆட்டம் இருக்கிறதே! பிரமாச்சி, உலகம்மாளின் கூடப்பிறந்த அக்காள். பேட்டையில் பாதிப் பிள்ளைகள் அவள் கையில் விழுந்தவைதான். மற்ற வீடுகளில் அந்தந்த வீட்டுக் கத்தியோடு சரி. தங்கச்சி வீடென்றால் தனிக் கவனம். தொழுவத்து அரிவாளால் கொடி அறுத்து, கறுத்தப் பசுவின் சாணியைச் சுடச்சுடத் தொப்புளில் அப்புவாள். குல வழக்கம்.

“ஏளா ஒலகு, எவளோ வந்து எனக்கே சட்டம் சொல்லுதா. நீ வாயைப் பொத்திக்கிட்டு நிக்கே?”

“என்னக்கா செய்ய? தவிட்டைப் பசு தின்னுட்டுல்லா. வாங்கின பெறவு வாக்கு மாறலாமா?”

“வம்சத்தையே மாட்டுக்குப் போட்ட மூதி!”

தெருவே சிரித்தது. பாலம்மாளுக்கு மானம் போயிற்று.

வலி கண்டது. திட்டிக்கொண்டே கையைக் கழுவினாள் பிரமாச்சி. திட்டிக்கொண்டே பிள்ளையை எடுத்தாள். பொட்டப்பிள்ளை. அது போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுத் தறி நின்றுபோயிற்று.

மறுநாளிலிருந்து பிரமாச்சி மடியில் எதையோ ஒளித்துக்கொண்டு வருவாள். வாசலில் ஜுபைதா மறிப்பாள்.

“மடியில என்ன, பெரியம்மா?”

“கொழுக்கட்டை.”

“அப்ப இங்கனயே தின்னுட்டு உள்ள போங்க.”

பிரமாச்சி சாணி உருண்டையோடு திரும்பிப் போவாள்.

பாலம்மாளுக்கு ஏது தூக்கம்? பிள்ளை வாயை மூடினால் போதும், பதறிப்போய் விரலை விட்டுப் பார்ப்பாள். ஏழாம் நாளும் வந்தது. பிள்ளை வாயை அகலத் திறந்து வீறிட்டது, பாலுக்கு. மறுநாளும் அதே வீறல்தான்.

நாற்பது நாள் கழிந்ததும் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்க வேண்டும். பாலம்மாளே சொளகை ஏந்திக்கொண்டு ஜுபைதா வீட்டுக்குப் போனாள்.

“நீங்க நல்லா இருக்கணும்க்கா. எங்க அத்தைக்குப் பேத்தியைவிட மாட்டுத் தீவனம்தான் பெருசு.”

ஜுபைதா சிரித்தாள். “கூறுகெட்டவளே! தறிக்காரி வீட்டுல மாடு உண்டா, நெல்லு உண்டா? எனக்கேது தவிடு? அந்தத் தவிட்டை என் கையில தந்து, இதைக் குடுத்துப் பிள்ளையை வாங்கிக்கோன்னதே ஒங்க அத்தைதான். சட்டமும் அவுக சொல்லித்தந்ததுதான். பாளையங்கோட்டை மிஷன் பங்களாவுக்கு மோர் விக்கப் போனவுககிட்ட நர்ஸம்மா ஹெப்சிபா சொன்னாவளாம், அரிவாள்லயும் சாணியிலயும்தான் அந்த நோவு ஒட்டுதுன்னு.”

பாலம்மாள் சொளகைக் கீழே வைத்தாள். “அதைப் பெரியத்தைகிட்ட நேராவே சொல்லியிருக்கலாமேக்கா?”

“நானும் அதைத்தான் கேட்டேன். ‘சொந்த வீட்டுப் பிள்ளைன்னு ஆசை ஆசையா அப்புனா. அதுதான் மூணையும் கொண்டுபோச்சுன்னு தெரிஞ்சா எங்க அக்கா அப்புறம் சோறு திம்பாளா? ஏச்சு எனக்கே இருக்கட்டும்’னுட்டாவ.”

பாலம்மாள் பைய வீட்டுக்குத் திரும்பினாள். உள்ளே பிரமாச்சி பிள்ளையை மடியில் போட்டுக் குலுக்கிக்கொண்டே உலகம்மாளிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

“பாத்தியாளா என் கைராசியை! வெந்நீர்க் கத்தின்னா வெந்நீர்க் கத்திதான். நாங்குநேரியில கூப்பிட்டிருக்கிற பேறுகாலத்துக்கும் இதையேதான் கொண்டுபோகப் போறேன். சாணியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். நீ என்னடான்னா ஒரு சொளகு தவிட்டுக்கு வித்தவதானே!”

“ஆமாக்கா,” என்றாள் உலகம்மாள். “கைராசி ஒனக்கு. தவிடு எனக்கு.”