பீரோவுக்குப் பின்னால்

வீட்டுக்குத் தாங்களே பெயின்ட் அடித்துக்கொள்வது என்று கணவனும் மனைவியும் இறங்கியிருந்தார்கள். பீரோவுக்குப் பின்னாலிருந்த சுவர்தான் பாக்கி. பீரோவைக் காலி செய்து நகர்த்தினால் பாதி நாள் போய்விடும் என்று, ஓர் ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் முன்னால் இழுத்துவிட்டார்கள்.

இடப்பக்கம் அவள் நுழைந்தாள், வலப்பக்கம் அவன்.

“நடுவுல பாக்கலாம். பின்தங்கினவங்க டீ போடணும்” என்றான். பந்தயம் என்று வந்துவிட்டால் செத்தாலும் தோல்வியை ஒப்புக்கொள்ளாத ஆள்.

அவள் சுவரைப் பார்த்தபடியே அடித்துக்கொண்டு நகர்ந்தாள். கை கடுக்க ஆரம்பித்தது.

“என்னங்க, இன்னும் அங்கேயேதான் நிக்கிறீங்களா?”

“நான் எப்பவோ பாதி தாண்டிட்டேன். நீதான் ஆமை மாதிரி வர்ற.”

குரல் பக்கத்தில்தான் கேட்டது. இன்னும் கொஞ்சம் அடித்தாள். டப்பா காலியானது. பீரோவின் முதுகு மட்டும் முடியவில்லை.

“கையை நீட்டுங்க.”

“நீட்டிட்டுத்தாம்மா இருக்கேன்.”

அவளும் நீட்டினாள். விரலில் எதுவும் படவில்லை. திரும்பிப் பார்த்தாள். நுழைந்த இடத்து வெளிச்சம் நூல்போலத் தெரிந்தது. வரும் வழியில் அவள் அடித்த பெயின்ட் பழுப்பேறி, செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது.

“விளையாடாதீங்க, பயமா இருக்கு.”

வெகுநேரம் கழித்து, தெருக்கோடியிலிருந்து கூப்பிடுவதுபோல அவன் குரல் கேட்டது.

“சரிம்மா, நான் தோத்துட்டேன். டீ நானே போடறேன். நீ வந்துடு.”