ஐந்து நிமிடச் சூடு

இறந்துபோன தினேஷின் பைக்கைக் கிளப்பலாம், ஓட்டக்கூடாது; ஜீவனஹள்ளியின் அந்த வீட்டில் இது யாரும் வாய்விட்டுச் சொல்லாத விதி. இரண்டு மழைக்காலமாக அவன் தாய் ஜானகி காலைதோறும் ஐந்து நிமிடம் இஞ்சினை ஓடவிட்டு அணைக்கிறாள். இன்று மெக்கானிக் முனிராஜ் ஆயில் மூடியைத் திருகி எடுக்கிறான். அதன் உட்புறத்தில் பால்காப்பி நிறத்தில் நுரை அப்பியிருக்கிறது. தூறல் விட்ட வெயில் அதன்மேல் மினுங்குகிறது. "நம்ம தெருவுக்கே வாரத்துல ரெண்டு நாள்தான் தண்ணி. உங்க இஞ்சின்ல டெய்லி வருதேம்மா!" என்று சிரிக்கிறான். "கவர் போட்டுத்தானப்பா வெச்சிருக்கேன்?" "வெளிய இருந்து வரல. அஞ்சு நிமிஷத்துல சூடு ஏறாது. உள்ள வேர்க்குது, அது காயறதுக்குள்ள ஆஃப் பண்ணிடறீங்க. ஆயில் மாத்தறேன். ஆனா ஓட்டலைன்னா இஞ்சின் போயிடும்." புது எண்ணெய் தேன்போல் இறங்குகிறது. ஜானகியின் மகள் சங்கமித்ரா தரையைப் பார்த்தபடி நிற்கிறாள். ஜானகி அந்த நுரையை விரலால் தொடுகிறாள். தினமும் தன் கையாலேயே அணைத்து ஊறவிட்ட ஈரம். விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு சாவியை மகளிடம் நீட்டுகிறாள். "உனக்கு ஓட்டத் தெரியும்னு தெரியும்டி. ஏறு." புடவையைச் சேர்த்துப் பிடித்துப் பின்னால் அமர்ந்து, மகளின் தோளைப் பற்றுகிறாள். "ஊரத் தாண்டி ஹெப்பகோடி வரைக்கும் போ. நல்லா சூடாவட்டும்."