பயப்பட ஒண்ணுமில்ல

மாலத்தீவுக் கடலில் குளித்துவிட்டுக் கரையிலேயே தூங்கிப்போய், சென்னை விமானத்தைக் கோட்டைவிட்ட ரூபஸ், ஒரு ராத்திரி முழுக்கத் தாமதமாக ஆவடியில் அப்பா வீட்டு வாசலில் வந்து இறங்கினான்.

மூக்கு வெயிலில் வெந்து தோல் உரிந்துகொண்டிருந்தது. சாவு வீட்டுக்கு வருகிறவனின் மூக்கு அப்படி இருக்கக் கூடாது.

டாக்ஸி வானகரம் தாண்டும்போதே கைக்குட்டையால் மூக்கை மூடிப் பழகிவிட்டான். அழுவது போலவும் இருக்கும், மூக்கும் தெரியாது.

சாவு என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள்.

அந்தக் குடும்பத்தில் தூரத்தில் இருப்பவனுக்குச் சாவைச் சொல்லும் வழக்கம் கிடையாது. லேசாக முடியவில்லை, பயப்பட ஒன்றுமில்லை, பதறாமல் வா என்பார்கள். வருகிறவன் வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிடக் கூடாதே என்கிற நல்லெண்ணம்தான்.

அந்தப் பொய்யில் ரூபஸ் குடும்பத்திலேயே கைதேர்ந்தவன். சித்தி இறந்தபோது, பெங்களூரிலிருந்த அவர் மகன் ஜோசப்ராஜுக்குப் போன் போட்டவன் அவன்தான். "அம்மா இப்பத்தான் ரெண்டு இட்லி சாப்ட்டாங்கடா, பதறாம வா" என்று அவன் சொன்னபோது, பக்கத்தில் ஐஸ் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அது என்ன சத்தம் என்று கேட்ட ஜோசப்ராஜிடம், கொஞ்சமும் யோசிக்காமல் கிரைண்டர் என்றான்.

ஆகவே வியாழக்கிழமை தங்கை ரெனிதா துபாய்க்குப் போன் செய்து, "அப்பாவுக்கு லேசா முடியலண்ணா. பயப்பட ஒண்ணுமில்ல" என்றதுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

அப்பாவிடம் கொடு என்றான். இப்போதுதான் தூங்கினார் என்றாள்.

அதற்குமேல் கேட்டு அந்தப் பெண்ணைத் துன்புறுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டான்.

நேராக வரும் விமானத்தில் இடமில்லை. மாலத்தீவு வழியாகத்தான் கிடைத்தது. நடுவில் ஒன்பது மணி நேரம் சும்மா உட்கார வேண்டும்.

முதல் இரண்டு மணி நேரம் விமான நிலைய நாற்காலியில் ஒழுங்காகத்தான் துக்கப்பட்டான்.

பிறகு கண்ணாடிக்கு வெளியே கடலைப் பார்த்துவிட்டான். அப்படி ஒரு நீலத்தை அவன் பெயிண்ட் கடையில்கூடப் பார்த்ததில்லை. கடலை நிரப்பிப் போட்ட சாலையில் பக்கத்துத் தீவுக்கு பஸ் இருந்தது. கால் மணி நேரம்கூட ஆகாது என்றார்கள்.

இறந்தவர் எங்கேயும் போய்விட மாட்டார். ஐஸ் பெட்டி இரண்டு மூன்று நாள் தாங்கும். மண் போட மூத்த மகன் வராமல் பெட்டியை எடுக்கவும் மாட்டார்கள்.

கிளம்பிவிட்டான்.

மீன் பொரியலும் ரொட்டியும் சாப்பிட்டான். கழுத்தளவுத் தண்ணீரில் போய் நின்றான். அங்கேதான் அழுகை வந்தது. கடலுக்குள் அழுவதில் ஒரு வசதி, துடைக்க வேண்டியதில்லை. ஆவடி ராணுவ டாங்கி ஃபாக்டரியில் முப்பத்தாறு வருடம் ஷிப்ட் பார்த்துவிட்டு, அந்தக் காக்கிச் சட்டையையே வீட்டிலும் போட்டுக்கொண்டு திரிந்த மனிதருக்காகத் தோள் குலுங்க அழுதான். வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி, அவனுக்கு நீச்சல் தெரியவில்லை என்று நினைத்துக் கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தாள்.

அழுத களைப்பில் மணலில் சாய்ந்தான். எழுந்தபோது விமானம் போயிருந்தது.

அடுத்தது மறுநாள் விடிகாலையில்தான். ரெனிதாவுக்குப் போன் போட்டு, பிளைட் கேன்சல் என்று தன் பங்குக்கு ஒரு பொய் சொன்னான்.

எப்படியாவது சீக்கிரம் வந்துவிடு என்றாள்.

கல்லறைத் தோட்டத்துக்கு நேரம் குறித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

இப்போது வாசலில், சாமியானாவுக்கு அப்போதுதான் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா அண்ணாத்தே, ரெண்டு நாளா பந்தல் இல்லாமயா வெச்சிகினு கீறீங்க?" என்று கேட்டான்.

கம்பத்தைப் பிடித்திருந்த பந்தல்காரர் முனியன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இப்பத்தான் நைனா எனுக்கு போனே வந்துச்சு. தள்ளி நில்லு, தலைல வுழப்போவுது."

தள்ளி நின்றான்.

தெருமுனையிலிருந்து ஒரு குட்டி யானை வண்டி பின்பக்கமாகவே வந்து நின்றது. அதிலிருந்து ஐஸ் பெட்டியை இறக்கினார்கள். காலிப் பெட்டி. கண்ணாடி மூடியில், வேறு யாருக்கோ போட்ட மாலையிலிருந்து உதிர்ந்த ரோஜா இதழ் ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது.

"பிளக் பாயின்ட் எங்க கீது?" என்று கத்திக்கொண்டே ஒருவன் வயரை வீட்டுக்குள் இழுத்துப் போனான்.

ரூபஸ் கைக்குட்டையை இறக்கினான்.

ரெனிதா வெளியே வந்தாள். தலைகூட வாரியிருக்கவில்லை. அவன் மூக்கைப் பார்த்தாள், காலில் இருந்த ரப்பர் செருப்பைப் பார்த்தாள்.

"பொய் சொல்லாம சொல்லு, ரெனி. எப்ப?"

"இன்னிக்கு காலைல ஏழேகாலுக்கு" என்றாள். "நேத்து நீ வர்றேன்னு மத்தியானமே ஷேவ் பண்ணிகினு, வெள்ளச் சட்டை போட்டுகினு, வாசலப் பாத்து சேர் போடச் சொல்லி உக்காந்துட்டாரு. இருட்டுற வரைக்கும் உள்ள வரவே இல்லண்ணா."