மார்க்கர் கூடிப்போச்சு

தம்பி செந்தில்வேல் பாட்டிலில் இளநீர் கொண்டுவந்திருந்தான். டயாலிசிஸ் கட்டிலில் கிடந்த பகவதி அதைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"குடிக்கா. ஒடம்புக்குக் குளிர்ச்சி."

"கிட்னி போனவளுக்கு இளநி வெஷம்லே. ஒரு நாளாவது எட்டிப் பாத்திருந்தா ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"துறைமுகத்துல கரி லாரி ஓட்டுதவனுக்கு நேரம் எங்கக்கா கெடைக்கு?"

கிட்னி கேட்ட நாளிலிருந்து போனை எடுக்காதவன் அவன். போன வாரம், ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில் அவளுக்கு கேன்சரைக் காட்டும் மார்க்கர் நாலு மடங்கு கூடியிருப்பதாக ரிப்போர்ட் வந்தது. கேன்சர் என்றால் மாற்றுக் கிட்னி வைக்க மாட்டார்கள். அது காதில் விழுந்ததும் தம்பிக்குப் பாசம் பொங்கிவிட்டது.

"இனிமே யாரு குடுத்தும் பிரயோசனமில்லேல்லாக்கா," என்றான். வாயில் பாக்கு நாறியது. "இல்லேன்னா நானே..."

"எந்திரிச்சுப் போலே."

போனான். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போய், வாசலில் நின்று அவனே குடித்துத் தீர்த்தான்.

அவள் ரத்தம் ஒரு குழாய் வழியே மிஷினுக்குப் போய் இன்னொரு குழாயில் திரும்பிக்கொண்டிருந்தது. இதே ரத்தம்தானே அவனுக்கும் ஓடுகிறது என்று நினைக்கவே அருவருப்பாக இருந்தது.

புருஷனாக மகாராஜன் வாய்த்தானே, அது போதும். யாரும் கேட்கும் முன்பே, சொந்தபந்தம் கூடியிருந்த இடத்தில், "என் கிட்னிய எடுத்துக்கோங்க" என்றவன். மார்க்கர் ரிப்போர்ட் வந்த அன்று குலுங்கிக் குலுங்கி அழுதான். அழுத களைப்போ என்னவோ, பல வாரமாகப் புரண்டு கிடந்தவன் அன்றைக்குத்தான் குறட்டை விட்டுத் தூங்கினான்.

நெற்றி நிறைய விபூதியுடன் மகாராஜன் உள்ளே வந்தான்.

"ஏளா, திருச்செந்தூர் போயி வேண்டிட்டு வாரேன்."

"என்னன்னு வேண்டுனீய?"

"வேற என்னத்த வேண்டப் போறேன்? நீ கண்ண மூடிப் படு."

மூடினாள். கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மாவின் குரல் கேட்டது. "அவ தூங்குதா மேடம்," என்று மகாராஜன் திரைச்சீலையை இழுத்துவிட்டான். இருவரும் அந்தப் பக்கம் நின்று பேசினார்கள்.

"பயப்படாதீங்க. அது கேன்சர் இல்ல. கிட்னி கெட்டு, உடம்புல நீர் கோத்தா அந்த மார்க்கர் தானாவே ஏறும். அதை மட்டும் வச்சு கேன்சர்னு முடிவு பண்ணக்கூடாது. ஸ்கேன்லயும் பாத்தாச்சு, மத்த டெஸ்ட்டும் எடுத்தாச்சு. ஒண்ணுமே இல்ல."

பகவதியின் மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. ஊசி குத்தியிருந்த கையை அசைக்க முடியாததால் துடைக்காமல் கிடந்தாள்.

"உங்க கிட்னி அவங்களுக்கு நல்லாப் பொருந்துது. அடுத்த மாசமே ஆபரேஷனை வச்சுக்கலாம். வாங்க, எழுப்பி நல்ல சேதியைச் சொல்லிருவோம்."

 மகாராஜன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"கேன்சர் இல்லங்கிறத அவகிட்ட சொல்லிராதீங்க மேடம்."