பெண்களின் அட்டை பெண்களின் கையில்

"எல்லோரும் மைதானத்துக்கு வாருங்கள்" என்று மகளிர் அமைச்சின் மொழிபெயர்ப்பாளர் மங்களேஸ்வரி ஒலிபெருக்கியில் சொன்னதுதான் தாமதம், ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளின் கதவுகள் ஒன்றுவிடாமல் திறந்தன.

வந்தார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. இப்படி நில்லுங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

எல்லோர் கையிலும் அடையாள அட்டை. அட்டை கிடைக்காதவர்கள் தோட்டத்துத் துரை எழுதிக் கொடுத்த துண்டை நெஞ்சோடு பிடித்திருந்தார்கள்.

அட கடவுளே! மங்களேஸ்வரிக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

போன மாதம் இதே மாதிரி ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் வந்தது இராணுவம். சுற்றிவளைப்பு. இன்றைய வண்டியில் 'பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிப்போம்' என்று பதாகை கட்டியிருக்கிறது. அதை வாசிக்க யாருக்கு நேரம்?

கொழும்பிலிருந்து வந்த ஊடக அதிகாரிக்கோ வாயெல்லாம் பல். நல்ல மனிதர்தான், தமிழில் மட்டும் ஒரு சொல் தெரியாது. என்ன கூட்டம், என்ன ஒழுங்கு என்று ஓடி ஓடிப் படம் எடுத்தார்.

"அட்டையை உள்ளே வையுங்கள், இது வேறு விஷயம்" என்றாள் மங்களேஸ்வரி.

ஒருத்தரும் வைக்கவில்லை. வைப்பார்களா பின்னே? அன்றைக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லித்தானே பிடித்துக்கொண்டு போனார்கள்.

சரி, வந்த வேலையைப் பார்ப்போம் என்று அமைச்சரின் செய்தியை வாசித்தாள். தோட்டம் தோட்டமாக வாசித்துத் தொண்டை கட்டிப்போயிருந்தது. அஞ்ச வேண்டாம், அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறையிடுங்கள், அரசு உங்களோடு இருக்கிறது. வரிசையில் யாரோ இருமினார்கள்.

துண்டுப்பிரசுரம் கொடுத்துக்கொண்டு போகும்போது ஒருத்தி அதை வாங்காமல் நின்றாள். பெயர் சுந்தரி என்று அட்டையில் இருந்தது. கண்ணுக்குக் கீழே கன்றிக் கறுத்திருந்தது.

"மிஸ், இந்த அட்டைய வீட்டுக்காரரு பெட்டியில வச்சிப் பூட்டிருவாரு. தெல்தோட்டையில அக்கா வீடு இருக்கு, இது இல்லாம ரோட்டுல எங்கயும் போக ஏலாது. இன்னிக்கிப் பயத்துல எடுத்துக் குடுத்துட்டாரு. இப்ப திருப்பி வாங்கிருவாரு, மிஸ்."

சொல்லி முடிக்கவில்லை, ஆண்கள் வரிசையிலிருந்து அவள் புருஷன் கணபதி கையை நீட்டிக்கொண்டு வந்தான்.

பொலிசுக்குப் போ என்று சொல்ல மங்களேஸ்வரிக்கு வாய் வரவில்லை. அந்த வார்த்தையை இப்போதுதான் எல்லோருக்கும் வாசித்திருந்தாள், வெட்கமாக இருந்தது.

விறுவிறென்று வண்டிக்குப் போய் ஒலிவாங்கியை எடுத்தாள்.

"கவனிக்கவும். கீழே சந்தியில் சோதனை நடக்கிறது. பெண்களின் அட்டை பெண்களின் கையிலேயே இருக்க வேண்டும். ஆண்கள் வைத்திருந்தால் அவர்கள் விசாரிக்கப்படுவார்கள்."

பச்சைப் பொய்.

கணபதியின் கை பாதி வழியில் நின்றது. பிறகு இடுப்புச் சாரத்தைச் சரிசெய்யப் போனது போலக் கீழே இறங்கியது.

சுந்தரி ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. கோயிலடியில் நின்ற பஸ்ஸை நோக்கி உடுத்த சேலையோடு நடந்தாள். பஸ் புறப்படும்வரை மங்களேஸ்வரி ஒலிவாங்கியைக் கீழே வைக்கவில்லை. கணபதியும் அசையவில்லை.

"கடைசியில் என்ன சொன்னீர்கள்?" என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் சாரதி லாபிர் சிங்களத்திலேயே முந்திக்கொண்டார். கண்டியிலேயே பிறந்து வளர்ந்த மனுஷன், தமிழில் அவருக்கு விளங்காதது ஒன்றுமில்லை. "மினிஸ்டர் சொன்னதத்தான் சேர், மிஸ் இன்னொருக்கா சொன்னாங்க."

அதிகாரி திருப்தியோடு தலையாட்டி, மடியில் தாளை வைத்து ஊடக அறிக்கை எழுத ஆரம்பித்தார். ஹந்தானை மக்கள் தாமாகவே திரண்டு வந்து அமைச்சருக்கு நன்றி தெரிவித்தனர். பின்னேரத்துக்குள் தமிழாக்கி விடுங்கள் என்றார்.

சந்திக்கு வந்தால், உண்மையாகவே சோதனை.

பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கியிருந்தார்கள். சிப்பாய் இவர்களுடைய வண்டிக்குள் தலையை நீட்டினான். அதிகாரிக்கு ஒரு சலாம். மங்களேஸ்வரியின் அட்டையைப் பின்பக்கம் திருப்பினான். பிறந்த இடம் யாழ்ப்பாணம். இறங்கு என்று கையைக் காட்டினான்.

அவளுக்கு இது புதிதில்லை, கோபம் வருகிற காலமும் போய்விட்டது. அதிகாரி தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்தாள். சுந்தரி.

"மிஸ், நீங்களுமா?"

"ஓம் பிள்ளை, நானும்தான்."

சுந்தரியின் அட்டையை ஒரு பார்வை பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அவள் ஓடிப்போய் ஏறினாள். பஸ் நகர்ந்தது.

ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் அட்டையை ரவிக்கைக்குள் வைப்பதை மங்களேஸ்வரி பார்த்தாள். காலையிலிருந்து தான் சொன்னபடி அட்டையை உள்ளே வைத்தவள் இந்த ஒருத்திதான்.

மங்களேஸ்வரியின் அட்டை இன்னும் சிப்பாயின் கையில் இருந்தது.