கதவளவில் ஒரு சாடித்தட்டு

அன்று விறாந்தையில் இருந்தவர்கள் நால்வர்: நான், என் மனைவி அன்னப்பூரணி, அவளுடைய தம்பி இளையதம்பி, ஓடாவி நல்லரத்தினம். வேறு எவரும் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நாவற்குடாவில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

நல்லரத்தினம் பூச்சாடித் தட்டைத் தன் பட்டறையிலேயே செய்து, வார்னிஷ் அடித்துக் கொண்டுவந்திருந்தார். முதிரை மரம். மூன்று தட்டு, தட்டுக்கு மூன்று சாடி. உயரம் ஆறடி, அகலம் மூன்றரை அடி. அளவு கொடுத்தவன் நான்.

பொருத்த வேண்டிய இடத்தைக் காட்டினேன். அவர் அளவுநாடாவைச் சுருட்டாமல் நின்றார்.

“ஐயா, இதில வச்சா இந்த அறைக் கதவு திறக்க ஏலாதே. உள்ளுக்க ஏணையும் கட்டிக் கிடக்கு.”

அது என் ஒரே மகளின் அறை. விறாந்தைப் பக்கம் தவிர அதற்கு வேறு வாசல் இல்லை. அன்னப்பூரணி ஒரு வாரமாக அதைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமை தன் பழைய சேலையொன்றைக் கூரை வளையில் போட்டு, பிள்ளைக்கு ஏணை கட்டினாள்.

மகளுக்கு வயிற்றில் எட்டு மாதம். பிள்ளைப்பேற்றுக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருவது வழக்கம். வரட்டுமா என்று அன்னப்பூரணி மூன்று முறை கேட்டாள். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

மகள் மூன்று வருடங்களுக்கு முன் ஒருவனோடு தேற்றாத்தீவுக்குப் போனாள். வேறு சாதியில்லை, வேறு மதமில்லை. தாய்வழியில் இருவரும் ஒரே குடி. எங்கள் முறையில் அவன் அவளுக்கு அண்ணன். கோயிலில் பதினொரு வருடம் வண்ணக்கராக நின்று, எந்தக் குடிக்கு எந்த நாள் திருவிழா என்று பிரித்துக் கொடுத்தவன் நான். அவன் பெயரை எழுத மாட்டேன்.

ஆனால் வீடு என்னுடையதல்ல. அன்னப்பூரணிக்கு அவள் தாய் கொடுத்தது. அவளுக்குப் பிறகு மகளுக்குப் போவது. இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த எனக்கு, மகளை வராதே என்று சொல்லும் உரிமை இல்லை.

சாடி வைக்கக் கூடாது என்று எவரும் சொன்னதில்லை.

“சுவரோட சேர்த்துப் பூட்டுங்க” என்றேன். “நாலு மூலையிலும் திருகாணி.”

அன்னப்பூரணி ஏணையை அவிழ்த்து எடுக்க உள்ளே போகப் பார்த்தாள். கதிரையில் இருந்த இளையதம்பி சிரித்தான்.

“அவுக்காத அக்கா. அதுக்குள்ள ஒரு சாடிய வச்சு ஆட்டினா அதுவும் வளரும்.”

நான் கதவைச் சாத்திப் பூட்டித் திறப்பைச் சட்டைப் பையில் போட்டேன்.

தட்டை நிமிர்த்தியதும் ஒருவர் பிடிக்க வேண்டியிருந்தது. இளையதம்பி எழுந்தான். அவனை இருக்கச் சொல்லிவிட்டு அன்னப்பூரணியைக் கூப்பிட்டேன். அவள் இரண்டு கைகளாலும் பிடித்து, நடுப்பலகையில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றாள். முதிரை பாரம். மேலிரண்டு ஆணியும் ஏறுமுன் கையை விட்டால், கீழே குந்தியிருக்கும் நல்லரத்தினத்தின் தலையில்தான் விழும்.

கீழிரண்டு ஆணியும் ஏறி அவர் எழுந்தபோது கேற்றடியில் ஓட்டோ வந்து நின்றது. ஓட்டுநர் இஞ்சினை நிறுத்தவில்லை. என்னைப் பார்த்தான். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பத்து.

உள்ளிருந்து “அம்மா” என்று ஒரு குரல்.

அன்னப்பூரணிக்குக் கேற் முதுகுப்பக்கம். அவள் தோள் அசைந்தது. தட்டும் அசைந்தது. நல்லரத்தினம் “பிள்ள, விட்டுடாத” என்றார்.

“இன்னும் எவ்வளவு நேரம் புடிக்கிறது?” பலகையில் முகம் வைத்தபடியே கேட்டாள்.

“ஆணி ஏறி முடியுமட்டும்” என்றேன்.

நல்லரத்தினத்தின் கையிலிருந்து திருப்புளி விழுந்தது. குனிந்து எடுத்து, மண்ணைத் துடைத்து அவரிடம் கொடுத்தேன். எந்த வேலையையும் அவசரமாகச் செய்விப்பவன் அல்ல நான்.

மகள் ஒரு காலை வெளியே எடுத்தாள். தட்டைப் பார்த்தாள். தட்டுக்குப் பின்னால் கதவைப் பார்த்தாள். பிறகு தாயின் முதுகைப் பார்த்தாள், வெகுநேரம். காலை உள்ளே எடுத்துக்கொண்டாள். அந்த வயிற்றோடும் நிமிர்ந்தே இருந்தாள். அது என் முதுகு.

ஓட்டோ திரும்பிப் போனது. கடைசி ஆணி ஏறியது.

அன்னப்பூரணி கைகளை எடுத்தபோது உள்ளங்கை இரண்டிலும் வார்னிஷ் ஒட்டியிருந்தது. கழுவப் போனவளை நிறுத்தி, அந்தூரியச் சாடிகளைத் தூக்கி வைக்கச் சொன்னேன். ஒன்பதையும் வைத்தாள். நல்லரத்தினம் தேத்தண்ணீர் குடிக்காமல் போனார்.

இப்போது ஊரில் சொல்கிறார்கள்: வண்ணக்கருடைய மகள் வெட்கமில்லாமல், கூப்பிடாத வீட்டு வாசலில் வயிற்றோடு வந்து நின்றாளாம்.

அது தவறு. என் மகள் கம்சாயினி கூப்பிடாத வாசலுக்குப் போகிறவள் அல்ல. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லி, அந்த ஓட்டோவைத் தேற்றாத்தீவுக்கு அனுப்பியவன் நான்.