உள்ளே போன வெளிச்சம்

அப்பா வாழ்க்கையில் முழுசாக விழுங்கிய முதல் மாத்திரை அதுதான். அதற்குள் ஒரு கேமராவும் குட்டி விளக்கும் இருந்தன.

"மாத்திரைன்னாலே எனக்கு ஆகாது டாக்டர். இந்த வயசுல என் விரதத்தைக் கலைச்சிட்டீங்களே!"

"இது மாத்திரை இல்ல சார். உங்க வயித்துக்குள்ள நான் அனுப்புற ஒற்றன்."

வாய் வழியாகவும் ஆசனவாய் வழியாகவும் குழாய் விட்டுப் பார்த்தாகிவிட்டது. ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆனால் ரத்தம் எங்கோ கசிந்துகொண்டே இருந்தது. புது ரத்தம் ஏற்ற ஏற்ற அப்பா வெளுத்துக்கொண்டே போனார். இன்னொரு முறை ரத்த அளவு இப்படி இறங்கினால் இதயம் தாங்காது என்று மகளிடம் தனியே சொல்லியிருந்தார் டாக்டர்.

படங்களைப் பதியும் பெட்டியை இடுப்பில் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். மதியம் மகள் கண்ணயர்ந்தபோது சமையலறையில் குட்டி உரலின் சத்தம். இரண்டு இடி, ஒரு மௌனம், மறுபடி இரண்டு. அம்மாவின் கை அப்படித்தான் இடிக்கும். அம்மா போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது.

எழுந்து ஓடினாள். சமையலறையில் யாருமில்லை. பின்வாசலில் அப்பா துண்டில் கையைத் துடைத்தபடி நின்றார்.

"உங்களுக்கும் கேட்டுச்சாப்பா?"

"பயப்படாத. உங்கம்மா என்னை விட்டுட்டு எங்க போயிடப்போறா?"

மறுநாள் டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். ஈரமான சுரங்கத்தில் யாரோ விளக்கேந்தி நடப்பதுபோல் படம் நகர்ந்தது. சிறுகுடலின் நடுவே சின்னச் சின்னப் புண்கள். ஒன்றிலிருந்து சிவப்பு இழை மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

"வலி மாத்திரையை வருஷக்கணக்கா போட்டா இப்படி வரும். என்ன மாத்திரை போடுறாரு?"

"ஒண்ணுமே போடமாட்டார் டாக்டர். முட்டிவலிக்கு அம்மா செஞ்சு வச்ச வேர்ப்பொடி மட்டும்தான்."

"அதைக் கொண்டு வாங்க."

சோதித்துப் பார்த்தார்கள். பொடியில் பாதி வலி மாத்திரை.

வீட்டுக்கு வந்ததும் மகள் பொடி டப்பாவைத் தொட்டியில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டாள்.

"உங்க பிடிவாதத்துக்குப் பயந்து அம்மா மாத்திரையைப் பொடிச்சுக் கலந்திருக்காங்க. செத்தும் உங்களைக் கொல்லப் பாக்குறாங்களே!"

"அவளைத் திட்டாத. கலக்குறான்னு எனக்கு அப்பவே தெரியும். 'வேர்ப்பொடி, சாப்பிடுங்க'ன்னு நீட்டுவா. என்னை ஏமாத்திட்டோம்னு அவ முகத்துல அவ்வளவு சந்தோஷம்."

"அம்மா இருந்தப்ப சரி. இப்பவும் எதுக்குப்பா அதையே சாப்பிட்டீங்க?"

அப்பா வெள்ளையாகக் கரைந்தோடும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ இடிச்சது, அவ கண்ணை மூடின மாசமே தீர்ந்துபோச்சும்மா. இது நான் இடிச்சது."